ஒரு நதி, இரண்டு கரை, ஒரே ராத்திரி! - புடாபெஸ்ட்டில் 24 மணி நேரம்

ஹங்கேரியின் தலைநகரம் புடாபெஸ்ட். பெயரைக் கேட்டால் ஒரே ஊர் போலத்தான் தெரியும். ஆனால், இரண்டு ஊர்களின் பெயரை ஒட்டவைத்து உண்டாக்கிய பெயர் அது. டானூப் நதியின் மேற்குக் கரையில் மலையும் கோட்டையுமாக நிற்பது புடா. கிழக்குக் கரையில் சமதரையில் கடைவீதிகளும் கஃபேக்களுமாகப் பரந்து கிடப்பது பெஸ்ட். இந்த இரண்டோடு ஓபுடா என்ற மூன்றாவது ஊரையும் சேர்த்து 1873-ல்தான் ஒரே நகரமாக ஆக்கினார்கள். அதுவரை இவர்கள் வேறு, அவர்கள் வேறு. நடுவில் நதி.

அந்த நதியும் லேசுப்பட்டதல்ல. ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் பிறந்து, 10 நாடுகளைத் தொட்டு, சுமார் 2,850 கிலோமீட்டர் ஓடி கருங்கடலில் கலக்கிறது. வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட், பெல்கிரேட் என நான்கு தலைநகரங்கள் இதன் கரையில் இருக்கின்றன. வியன்னாவில் டானூபின் பெரிய ஓட்டத்தைப் பார்க்க, பழைய நகரத்தை விட்டுத் தள்ளிப் போக வேண்டும். புடாபெஸ்ட்டில் ஊரின் நட்டநடுவில் ஓடுகிறது. அதன் இரு கரைகளையும் புடா கோட்டைப் பகுதியையும் 1987-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யச் சின்னமாக அறிவித்திருக்கிறது.

இவ்வளவு பெரிய ஊரை ஒரே ஒரு ராத்திரி தங்கிப் பார்க்க முடியுமா? எல்லாவற்றையும் பார்க்க முடியாது. ஆனால், நதியை இரண்டு கரையிலிருந்தும் பார்த்துவிட்டு வரலாம். நாங்கள் அப்படித்தான் போய் வந்தோம்.

ஏன் ஒரே ராத்திரி?

கணவருக்கு வியன்னாவில் வேலை. எனக்குச் சென்னையில். கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தது ஐந்து மாதம்தான். மற்றதெல்லாம் வீடியோ கால். ஏப்ரலில் இரண்டு வார லீவு போட்டுவிட்டு அவரைப் பார்க்கப் போயிருந்தேன். அதில் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் அவருக்கு லீவு கிடைத்தது. வெள்ளி காலை கிளம்பினால், சனி ராத்திரி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். வியன்னாவிலிருந்து ரயிலில் சுமார் இரண்டே முக்கால் மணி நேரத்தில் புடாபெஸ்ட். முடிவு செய்துவிட்டோம்.

அவருக்குக் கோட்டை, மலை, அமைதி வேண்டும். எனக்குச் சந்தை, கூட்டம், சாப்பாடு வேண்டும். அதனால் கிளம்பும் முன்பே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். முதல் நாள் மாலை அவர் இஷ்டம், புடா பக்கம். மறுநாள் காலை என் இஷ்டம், பெஸ்ட் பக்கம். ஒருவர் திட்டத்தில் இன்னொருவர் முகத்தைச் சுளிக்கக் கூடாது. ஜோடியாகச் சுற்றுலா போகிறவர்கள் இந்த ஒப்பந்தத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ராயல்டி வேண்டாம்!

பகல் 12.30: கெலெட்டி ஸ்டேஷன்

கெலெட்டி என்றால் கிழக்கு. 1884-ல் திறந்த ரயில் நிலையம். முகப்பில் இரண்டு பேர் சிலையாக நிற்கிறார்கள். ஒருவர் நீராவி இன்ஜினை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட். இன்னொருவர் ரயில் இன்ஜின் புகழ் ஜார்ஜ் ஸ்டீஃபன்சன்.

ஸ்டேஷனிலேயே ஆளுக்கொரு 24 மணி நேர பயணச்சீட்டு எடுத்துக்கொண்டோம். மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றிலும் செல்லும். ஒவ்வொரு முறையும் டிக்கெட், சில்லறை என்று அலைய வேண்டியதில்லை. இரண்டே ஸ்டாப் தள்ளி அஸ்டோரியா. அங்கேதான் ரூம் போட்டிருந்தோம்.

அது ஒரு பழைய அடுக்குமாடி வீடு. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கல் கட்டடம். கேட்டைத் தாண்டினால் நடுவில் வானம் பார்த்த முற்றம். அதைச் சுற்றி ஒவ்வொரு மாடியிலும் இரும்புக் கைப்பிடி போட்ட நீண்ட வராண்டா. அந்த வராண்டாவைப் பார்த்தபடி வீடுகளின் வாசல். பெஸ்ட் பக்கத்துப் பழைய வீடுகளில் நிறைய இந்த அமைப்புதான். எதிர்வீட்டுப் பாட்டி வராண்டாவில் துணி உலர்த்திக்கொண்டே எங்களைப் பார்த்துத் தலையாட்டினார்.

பக்கத்திலேயே டோஹான் தெரு யூத வழிபாட்டுக் கூடம். 1859-ல் கட்டியது. ஐரோப்பாவிலேயே மிகப் பெரியது. இரண்டாம் உலகப் போரின்போது இந்தப் பகுதியில்தான் யூதர்களை அடைத்துவைத்தார்கள். அந்தக் கதையின் மிச்சத்தை அன்று இரவு நதிக்கரையில் பார்க்கப்போகிறோம் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். அதனால் பேசாமல் கடந்தோம்.

பகல் 3 மணி: சங்கிலிப் பாலம்

அஸ்டோரியாவிலிருந்து 20 நிமிட நடையில் டானூப். எதிரே, இந்த ஊரின் அடையாளமான சங்கிலிப் பாலம்.

இந்தப் பாலத்துக்குப் பின்னால் ஒரு மகனின் தவிப்பு இருக்கிறது. 1820-ம் ஆண்டின் குளிர்காலம். அப்போது இங்கே நிரந்தரப் பாலம் கிடையாது. படகுகளை வரிசையாகக் கட்டி அதன்மேல் பலகை போட்ட மிதவைப் பாலம்தான். பனிக்கட்டிகள் மிதந்து வரும் குளிர்காலத்தில் அதையும் கழற்றிவிடுவார்கள். இஷ்ட்வான் செச்செனி என்ற பிரபுவுக்குத் தந்தை இறந்த செய்தி வருகிறது. நதியைத் தாண்ட முடியாமல் ஒரு வாரம் வரை கரையிலேயே காத்துக் கிடக்கிறார். அப்போதுதான் இங்கே நிரந்தரப் பாலம் கட்டியே ஆக வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்ததாகச் சொல்கிறார்கள்.

அதற்கு இன்னும் ஏறக்குறைய 30 வருடங்கள் ஆயின. வில்லியம் டியர்னி கிளார்க் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்தார். ஆடம் கிளார்க் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கூடவே நின்று கட்டி முடித்தார். இருவருக்கும் பெயர் ஒன்றே தவிர உறவு கிடையாது. 1849 நவம்பர் 20 அன்று பாலம் திறக்கப்பட்டது. ஆடம் கிளார்க் ஊர் திரும்பவே இல்லை. ஹங்கேரியப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டார். புடா பக்கத்தில் பாலம் முடியும் சதுக்கத்துக்கு அவர் பெயர்தான். ஹங்கேரியின் நெடுஞ்சாலைத் தூரங்களைக் கணக்கிடும் பூஜ்யம் கிலோமீட்டர் கல் அந்தச் சதுக்கத்தில்தான் இருக்கிறது.

செச்செனியின் கதைதான் வருத்தம். பாலம் திறந்தபோது அவர் புடாவிலும் இல்லை, பெஸ்ட்டிலும் இல்லை. மனநலம் குன்றி, வியன்னாவை ஒட்டிய டோப்லிங் என்ற இடத்தில் ஒரு காப்பகத்தில் இருந்தார். 1860-ல் அங்கேயே இறந்துபோனார். "டோப்லிங்கா? எங்க ஆபீஸ்ல ஒருத்தர் அங்கேதான் குடியிருக்கார்" என்றார் கணவர். இன்று அது வியன்னா நகரத்தின் ஒரு பகுதி.

பாலத்தின் இரு முனைகளிலும் கல் சிங்கங்கள். சிற்பி நாக்கு வைக்க மறந்துவிட்டார், அந்த அவமானத்தில் நதியில் குதித்துவிட்டார் என்று ஒரு கதை சுற்றுகிறது. கதைதான்! சிங்கங்களுக்கு நாக்கு உண்டு. கீழிருந்து பார்த்தால் தெரியாது, அவ்வளவுதான்.

இந்தப் பாலத்தை 1945 ஜனவரியில் பின்வாங்கிய ஜெர்மன் ராணுவம் குண்டு வைத்துத் தகர்த்தது. அந்தப் போரில் இந்த நகரத்தின் டானூப் பாலங்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இரண்டு கரைகளும் மறுபடி தனித்தனி ஆயின. மக்கள் திரும்பக் கட்டினார்கள். சங்கிலிப் பாலத்தை மீண்டும் திறந்த நாள் 1949 நவம்பர் 20. சரியாக நூறாவது ஆண்டு.

அண்மையில் பெரிய அளவில் பழுதுபார்த்து 2023-ல் முடித்தபிறகு, சொந்த கார்களுக்கு இங்கே அனுமதி இல்லை. பஸ், டாக்ஸி, சைக்கிள், நடப்பவர்கள் மட்டும். நின்று நிதானமாகப் படம் எடுக்கலாம். சுமார் 375 மீட்டர் பாலத்தைக் கடக்க எங்களுக்கு அரை மணி நேரம் பிடித்தது.

மாலை 4 மணி: புடா மலை

மலைக்குப் போக மூன்று வழிகள். 1870-ல் முதலில் திறந்த இழுவை ரயிலில் போகலாம். அதற்கு நீண்ட வரிசை, தனி டிக்கெட். 16-ம் எண் பஸ்ஸில் போகலாம். 24 மணி நேரச் சீட்டே போதும். இல்லையென்றால் படியேறலாம். போகும்போது பஸ், இறங்கும்போது நடை என்று வைத்துக்கொண்டோம். முழங்காலுக்கு நல்லது.

மேலே முதலில் மத்தியாஸ் தேவாலயம். கூரையில் வண்ண வண்ண ஓடுகள், பாய் முடைந்ததுபோல. 1541-லிருந்து 1686 வரை புடா துருக்கியர் கையில் இருந்தது. அந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் இதுவே மசூதியாக இருந்தது. பிறகு மறுபடி தேவாலயம். 1867-ல் ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப் ஹங்கேரியின் மன்னராக முடிசூட்டிக்கொண்டது இங்கேதான்.

அதன் பக்கத்தில் மீனவர் கொத்தளம். வெள்ளைக் கல்லில் ஏழு கோபுரங்கள். சுமார் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்த மண்ணுக்கு வந்து குடியேறிய ஏழு மகியார் குடிகளின் நினைவாக ஏழு. பார்த்தால் பழங்காலக் கோட்டைபோல இருக்கும். உண்மையில் 1895-க்கும் 1902-க்கும் இடையில் அழகுக்காகவே கட்டியது. அந்தக் காலத்தில் இந்த இடத்து மதிலைக் காவல் காத்த மீனவர் சங்கத்தின் பெயர் மட்டும்தான் பழையது. மேல்தளத்துக்கு டிக்கெட் உண்டு. கீழ்த்தளங்களில் காசில்லாமலே அதே காட்சி.

அந்தக் காட்சி... கீழே டானூப். அதற்கு அப்பால் பெஸ்ட் முழுவதும் கூரைகளாக விரிந்து கிடக்கிறது. கணவர் ஒரு கல் திண்ணையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஒப்பந்தப்படி நானும் அவசரப்படுத்தவில்லை. முக்கால் மணி நேரம் படகுகளை எண்ணிக்கொண்டிருந்தோம். வீடியோ காலில் இப்படிப் பேசாமல் உட்கார்ந்திருக்க முடியாது. 'லைன் கட் ஆயிடுச்சா?' என்று கேட்டுவிடுவோம்.

இரவு 8 மணி: விளக்கு போடும் நேரம்

மலையிலிருந்து இறங்கினால் பட்யானி சதுக்கம். புடா பக்கக் கரையோரம். எதிர்க்கரையில் நேராக ஹங்கேரி நாடாளுமன்றம். புடாபெஸ்ட்டில் ராத்திரிக்கு ஒரே ஓர் இடம்தான் போக முடியும் என்றால், இங்கே போங்கள்.

ஏப்ரல் கடைசியில் இங்கே சூரியன் மறைய ஏழே முக்கால் மணிக்கு மேலாகிவிடுகிறது. வானம் நீலமாகவே இருக்கும்போது கட்டடத்தில் விளக்குகள் எரியத் தொடங்கின. சில நிமிடங்களில் 268 மீட்டர் நீளக் கட்டடம் முழுக்கப் பொன்னிறம். அதே அளவு பொன்னிறம் தண்ணீரிலும்.

நாடாளுமன்றத்தின் குவிமாடம் 96 மீட்டர் உயரம். அருகிலுள்ள செயின்ட் ஸ்டீஃபன் தேவாலயமும் அதே 96 மீட்டர். ஹங்கேரியர்கள் இந்த மண்ணுக்கு வந்ததாகக் கருதும் ஆண்டு 896. அந்த 96-தான் இது. உள்ளே 691 அறைகள். வடிவமைத்தவர் இம்ரே ஷ்டைண்ட்ல். 1902-ல் புதிய கட்டடத்தில் நாடாளுமன்றம் கூடுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு அவர் இறந்துவிட்டார்.

அங்கிருந்து மெட்ரோவில் ஏறினால், நதிக்கு அடியில் ஓடி, ஒரே ஸ்டாப்பில் எதிர்க்கரைக்கு வந்துவிடலாம். வந்தோம்.

அறுபது ஜோடிக் காலணிகள்

நாடாளுமன்றத்திலிருந்து சங்கிலிப் பாலம் நோக்கிக் கரையோரமாக நடந்தால், கல் விளிம்பில் காலணிகள் கிடக்கின்றன. தண்ணீரைப் பார்த்தபடி. ஆண்களின் பூட்ஸ், பெண்களின் குதிகால் செருப்பு, குழந்தைகளின் சின்னஞ்சிறு ஷூ. யாரோ இப்போதுதான் கழற்றி வைத்துவிட்டுப் போனதுபோல. தொட்டால் தெரியும், எல்லாம் இரும்பு.

1944 அக்டோபரில் ஏரோ கிராஸ் என்ற ஹங்கேரிய நாஜிக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. அந்தக் குளிர்காலத்தில் அதன் ஆட்கள் யூதர்களை இந்த நதிக்கரைக்கு இழுத்து வந்தார்கள். காலணிகளைக் கழற்றச் சொன்னார்கள். போர்க்காலத்தில் காலணிக்கு விலை உண்டு. பிறகு சுட்டார்கள். உடல்களை டானூப் கொண்டுபோனது. அவர்கள் நினைவாக 2005-ல் திரைப்பட இயக்குநர் ஜான் டோகாயின் யோசனையில், சிற்பி ஜூலா பௌவர் 60 ஜோடிக் காலணிகளை இங்கே வைத்தார்.

ஒரு குழந்தையின் ஷூவுக்குள் யாரோ மிட்டாய் வைத்திருந்தார்கள். சிலவற்றில் மெழுகுவத்தி, சிலவற்றில் கூழாங்கல். சில நிமிடங்களுக்கு முன்பு பொன்னிறமாகப் பார்த்து வியந்த அதே தண்ணீர்தான் கீழே ஓடிக்கொண்டிருந்தது. ஊரைச் சுற்றிப் பார்க்க வந்த ஜோடிகள் நிறைய பேர் அங்கே நின்றார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. காலணிகளோடு செல்ஃபி எடுக்கப்போன ஓர் இளைஞரை, கூட வந்த பெண் கையைப் பிடித்து நிறுத்தினார். ஒன்றும் சொல்லவில்லை. அவரும் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இந்த இடத்தைத் தவிர்த்துவிட்டும் புடாபெஸ்ட்டைப் பார்க்கலாம். ஆனால், அப்படிப் பார்த்தால் நதியின் அழகை மட்டும்தான் பார்த்ததாக ஆகும்.

இரவு 9.15: சூப்பா, குழம்பா?

அங்கிருந்து 2-ம் எண் டிராம். மஞ்சள் நிறம், நதியை ஒட்டியே ஓடும். ஜன்னல் சீட் கிடைத்தால் அதுவே ஒரு சுற்றுலா. படகுச் சவாரிக்குத் தனியாகச் செலவழிக்காதவர்களுக்கு இதுதான் படகு!

ஃபோவாம் சதுக்கத்தில் இறங்கிச் சாப்பிட உட்கார்ந்தோம். ஹங்கேரி என்றால் குலாஷ். வெளிநாட்டு ஓட்டல்களில் கெட்டிக் குழம்பாகத் தருவார்கள். இங்கே அது சூப். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, மிளகாய்த்தூள் போட்டு, சிவப்பாக எண்ணெய் மிதக்க வரும். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஃபோசெலேக் கேளுங்கள். பூசணி, கீரை, பட்டாணி என்று ஏதாவது ஒரு காயைக் கெட்டியாக வேகவைத்தது. ஹங்கேரிய வீடுகளின் அன்றாடச் சாப்பாடு. நம் கூட்டுக்கு வெகு அருகில் வருகிறது. மாமிசச் சாறு சேர்க்காமல் வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

இரவு 10.30: சுதந்திரப் பாலம்

சாப்பிட்டு வெளியே வந்தால் எதிரே பச்சை நிற இரும்புப் பாலம். 1896-ல் திறந்தது. அப்போது ஃபிரான்ஸ் ஜோசப்பின் பெயர். கடைசி வெள்ளி ஆணியை மன்னரே அறைந்து திறந்துவைத்தாராம். போரில் உடைந்த பாலங்களில் முதலில், 1946-லேயே மீண்டு எழுந்தது இதுதான். அப்போது 'சுதந்திரம்' என்று பெயர் மாற்றினார்கள். இளைஞர்கள் இதன் அகலமான இரும்புத் தண்டவாளங்களின் மேல் ஏறி உட்கார்ந்து அரட்டை அடிக்கிறார்கள். நாங்கள் ஏறவில்லை. கைப்பிடியில் சாய்ந்து நின்றோம்.

அங்கேதான் அவர் சொன்னார். "கம்பெனில இன்னும் ரெண்டு வருஷம் இங்கேயே இருக்கச் சொல்றாங்க."

"எப்போ கேட்டாங்க?"

"போன வாரம்."

நான் வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. பாலத்தில் டிராம் ஒன்று போனது. காலடி அதிர்ந்தது. அது போய் முடிக்கும்வரை இருவரும் பேசவில்லை. அப்புறமும் பேசவில்லை. இன்னொரு டிராமில் ஏறி ரூமுக்கு வந்து படுத்துவிட்டோம்.

காலை 6.30: சந்தை

மறுநாள் என் முறை. சுதந்திரப் பாலத்தின் பெஸ்ட் பக்க முனையிலேயே மத்தியச் சந்தை இருக்கிறது. 1897-ல் கட்டியது. ரயில் நிலையம்போல உயரமான இரும்புக் கூரை, மேலே வண்ண ஓடுகள். கீழ்த்தளத்தில் காய்கறி, பழம், இறைச்சி. நிலத்தடியில் மீனும் ஊறுகாயும். மாடியில் சாப்பாட்டுக் கடைகள், கைவினைப் பொருள்கள்.

கடைக்குக் கடை சரம் சரமாகச் சிவப்பு மிளகாய் தொங்குகிறது. இவர்கள் பாப்ரிகா என்கிறார்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. நமக்குப் போர்ச்சுகீசியர் மூலம் வந்ததைப் போல, ஹங்கேரிக்குத் துருக்கியர் காலத்தில் வந்து சேர்ந்தது. வந்த இடத்தில் சமையலையே பிடித்துக்கொண்டது! செகெட் நகரத்தில் பேராசிரியராக இருந்த ஆல்பர்ட் செயின்ட் ஜியோர்ஜி இந்தப் பாப்ரிகாவிலிருந்துதான் வைட்டமின் சி-யை அதிக அளவில் பிரித்தெடுத்தார். 1937-ல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு. வாங்கும்போது 'எடேஷ்' என்றால் இனிப்பு வகை, 'ச்சீபோஷ்' என்றால் காரம். சாம்பாருக்கு எது என்று உங்களுக்கே தெரியும்.

ஹங்கேரிய மொழி சுற்றியுள்ள எந்த நாட்டு மொழியோடும் ஒட்டாது. ஃபின்லாந்து, எஸ்தோனியா மொழிகளுக்குத் தூரத்து உறவு. ஆனால், ஒரு விஷயத்தில் நமக்குப் பழக்கமானது. 'ஹாஸ்' என்றால் வீடு. 'ஹாஸ்பன்' என்றால் வீட்டில். நாம் 'இல்' ஒட்டுவதுபோல அவர்களும் வேற்றுமை உருபைச் சொல்லின் கடைசியில்தான் ஒட்டுகிறார்கள். பெயரிலும் குடும்பப் பெயர்தான் முதலில், சொந்தப் பெயர் பிறகு. நம் இனிஷியல்போல!

மாடியில் லாங்கோஷ் வாங்கினோம். எண்ணெயில் பொரித்த பெரிய ரொட்டி. மேலே பூண்டு, புளித்த கிரீம், துருவிய சீஸ். ஒன்றை இருவர் சாப்பிடலாம். கையால் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, முந்தைய இரவுக்குப் பிறகு முதல்முறையாக இருவரும் சிரித்தோம். அவர் மூக்கில் கிரீம்.

காலை 8.30: வெந்நீரில் ஒரு பேச்சுவார்த்தை

டெயாக் சதுக்கத்திலிருந்து 1-ம் எண் மெட்ரோ. 1896-ல் ஓடத் தொடங்கியது. ஐரோப்பியப் பெருநிலத்தின் முதல் மெட்ரோ ரயில் பாதை. சில படிகள் இறங்கினால் பிளாட்பாரம். வெள்ளை ஓடு பதித்த சுவர்கள், சின்னச் சின்ன மஞ்சள் பெட்டிகள். பொம்மை ரயில்போல இருக்கிறது. அதிலேயே நேராகச் செச்செனி குளியல் கூடத்தின் வாசலில் இறங்கலாம்.

புடாபெஸ்ட்டின் மண்ணுக்கு அடியில் வெந்நீர் ஊற்றுகள் நிறைய. ரோமானியர் காலத்திலிருந்தே குளியலுக்குப் பெயர்பெற்ற இடம். துருக்கியர் கட்டிய குளியல் கூடங்கள் சில இன்றும் இருக்கின்றன. செச்செனி 1913-ல் திறந்தது. இதன் ஆழ்கிணற்றில் ஆயிரம் மீட்டருக்கும் கீழேயிருந்து 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகத் தண்ணீர் வருகிறது. ஆறவைத்துத்தான் குளங்களில் விடுகிறார்கள். மஞ்சள் அரண்மனைபோல ஒரு கட்டடம், நடுவில் திறந்தவெளிக் குளங்கள், காலைக் குளிரில் ஆவி பறக்கும் தண்ணீர். கழுத்தளவு வெந்நீரில் நின்றுகொண்டு பெரியவர்கள் சிலர் செஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அதே 1913-ல் இதே ஊரில் பிறந்தவர்தான் ஓவியர் அம்ரிதா ஷெர்கில். அம்மா ஹங்கேரியர், அப்பா பஞ்சாபி. பிறகு இந்தியாவுக்கு வந்து, தென்னிந்தியாவெல்லாம் சுற்றி, 1937-ல் சந்தைக்குப் போகும் தென்னிந்திய கிராமத்து மக்களை வரைந்தவர். இரண்டு நாட்டையும் தன் வீடாக வைத்துக்கொண்ட பெண். அந்த வெந்நீரில் நின்றபோது எனக்கு அவர் ஞாபகம் வந்ததற்குக் காரணம் இருந்தது.

"கையெழுத்துப் போட்டுட்டியா?" என்று நானே ஆரம்பித்தேன்.

"உன்னைக் கேட்காம எப்படிப் போடுவேன்?"

"என் வேலையை விட்டுட்டு வரச் சொல்றியா?"

"அதைக் கேட்கத்தான் பயமா இருந்துச்சு. அதான் அஞ்சு நாளா சொல்லலை."

சுற்றிலும் ஆவி. யாருக்கும் தமிழ் தெரியாது என்பது ஒரு வசதி. ஒரு மணி நேரம் பேசினோம். வேலையை விட எனக்கு இஷ்டம் இல்லை என்பதை, கல்யாணமான பிறகு முதல்முறையாகச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறது என்பதை அவரும் அப்படியே சொன்னார். இரண்டு வருடத்துக்குப் பதில் ஒரு வருடம் மட்டும் என்று கம்பெனியிடம் அவர் கேட்டுப் பார்ப்பது, சில மாதம் அங்கிருந்தே வேலை செய்ய முடியுமா என்று நான் ஆபீஸில் கேட்டுப் பார்ப்பது என்ற அளவில் நின்றது. முடிவு இல்லை. ஆனால், மதியம் ரயிலில் திரும்பும்போது அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

நீங்கள் போவதாக இருந்தால்...

* ஹங்கேரி, ஷெங்கன் நாடுகளில் ஒன்று. வேறொரு ஷெங்கன் நாட்டுக்குச் செல்லுபடியாகும் விசாவில் பயணம் போனவர்கள், விசாவின் நாள் கணக்கும் நுழைவு எண்ணிக்கையும் இடம் கொடுத்தால் இங்கேயும் போய் வரலாம்.

* பணம் யூரோ அல்ல, ஃபோரிண்ட். பில்லில் நாலு இலக்கம், ஐந்து இலக்கம் பார்த்துப் பதற வேண்டாம். நாங்கள் போனபோது ஃபோரிண்ட்டை நாலால் வகுத்து ரூபாய்க் கணக்குப் போட்டுக்கொண்டோம். பெரும்பாலான இடங்களில் கார்டு செல்லும்.

* தனி டிக்கெட் எடுத்தால், மறக்காமல் இயந்திரத்தில் முத்திரை போடுங்கள். பரிசோதகர்கள் அடிக்கடி வருவார்கள். அபராதம் நிச்சயம்.

* மத்தியச் சந்தைக்கு ஞாயிறு விடுமுறை. அதனால் ஒரு ராத்திரிப் பயணத்துக்கு வெள்ளி - சனிதான் வசதி.

* குளியல் கூடத்துக்கு நீச்சலுடை, துண்டு, ரப்பர் செருப்பு எடுத்துப் போனால் அங்கே வாங்கும் செலவு மிச்சம். குழந்தைகளோடு போகிறவர்கள் வயது விதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

* கரையோர விளக்குகளை நள்ளிரவுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். விடியும்வரை எரியும் என்று நினைத்துத் தூங்கிவிட வேண்டாம்.

* காலில் நல்ல ஷூ. பழைய நகரத்தின் கல் பாவிய தெருக்களில் புதுச் செருப்பு கடித்துவிடும்.

நாடாளுமன்றத்தின் உள்ளே நாங்கள் போகவில்லை. கெல்லெர்ட் மலை ஏறவில்லை. நதியின் நடுவே இருக்கும் மார்கிட் தீவைப் பாலத்திலிருந்து கைகாட்டியதோடு சரி. 24 மணி நேரத்தில் அவ்வளவுதான் முடியும். ஜோடியாகப் போகிறவர்கள் பட்டியலில் இன்னும் நாலு இடத்தைச் சேர்ப்பதைவிட, ஏதாவது ஒரு கரையில் முக்கால் மணி நேரம் சும்மா உட்காருங்கள். பேச வேண்டியது எதுவோ, அது தானாக வரும். எங்களுக்கு வந்ததுபோல கொஞ்சம் சிக்கலானதாகக்கூட இருக்கலாம். அதற்குத்தான் மறுநாள் காலை இருக்கிறதே.

சனிக்கிழமை சந்தையைப் பிற்பகல் மூன்று மணிக்கே மூடிவிடுவார்கள், ஞாபகம்!